பாய்லர் ராமதாஸின் பச்சை விறகு

யாராவது எங்காவது மூன்று செங்கல்லை வைத்து விறகு மூட்டினால் போதும், நாலு தெரு தள்ளியிருந்தாலும் மோப்பம் பிடித்து வந்து நின்றுவிடுகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு, கவனித்திருக்கிறீர்களா? லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால் கொள்ளியை ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அதே ஓர் அங்குலம் வெளியே இழுத்து, ‘காத்து போற வழி பத்தல’ என்று தீர்ப்புச் சொல்கிற இனம். சமைக்கத் தெரியாது. சாப்பிடத் தெரியும். அடுப்புப் புலி என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

எண்ணூர் நீலாவுக்கு வாய்த்த புலி, கூடப் பிறந்த அண்ணன் ராமதாஸ். அனல்மின் நிலையத்தில் இருபது வருஷம் கான்ட்ராக்டில் சாம்பல் அள்ளியவர். பேச்சைக் கேட்டால் ஐந்நூறு மெகாவாட்டையும் வாயால் ஊதியே எரித்தவர் என்று நினைப்பீர்கள்; தெருவில் ‘பாய்லர்’ என்றே பட்டம்.

நீலாவின் மகள் சினேகாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். நூற்றைம்பது பேருக்கு வாசலில் விறகடுப்புப் பிரியாணி. பன்னிரண்டு மணிக்குத் தட்டு மாற்றிய கையோடு பந்தி போட்டாக வேண்டும். ராயபுரத்து மாப்பிள்ளை வீட்டார் முன்பு ஒரு சம்பந்தத்தைப் பாயசம் தாமதமானதற்காகவே முறித்துக்கொண்டு போனவர்கள் என்று கேள்வி. நீலாவுக்கு அந்தப் பாயசம் கனவில்கூட வந்தது. விறகுத்தொட்டியில் காய்ந்த சவுக்கு வாங்கிவிடலாம் என்றாள். தாய்மாமன் இருக்கும்போதா?

புயலில் தெருமுனைப் பூவரசு சாய்ந்திருந்தது. மாநகராட்சிக்காரர்கள் அறுத்துப் போட்டதை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்து, பத்தே நாளில் காயவைத்துக் காட்டுகிறேன் என்று மொட்டை மாடியில் அடுக்கினார் ராமதாஸ். மழைக்குப் பயந்து தார்ப்பாயைப் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். தினமும் காலையில் அவிழ்ப்பார், ஒவ்வொரு கட்டையாகப் புரட்டுவார், இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார், கேபிள்காரர் முதல் கேஸ் சிலிண்டர்காரர் வரை வந்தவர் போனவரையெல்லாம் கேட்க வைப்பார்.

“காஞ்சா டங்குனு வரும். வருதா?”

“தொப்புனுதாண்ணே வருது.”

“காதக் கொடஞ்சிக்கினு வா.”

பத்தாம் நாள் ஒரு கட்டையில் தளிர் விட்டிருந்தது. அதைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீலா பார்த்துவிட்டாள். ஆனால் சொல்ல முடியுமா? தாய்மாமன் முறுக்கிக்கொண்டு போய்விட்டால் சபையில் பெண்ணுக்கு மாலை போடுவது யார்?

நிச்சயத்தன்று காலை ஆறு மணிக்கு மூட்டினார்கள். ஒன்பது மணிக்கும் மூட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டை நுனியில் நுரைநுரையாகத் தண்ணீர் கசிந்து உஸ் என்றது.

“இன்னாண்ணே, பொகையா வருது, தீயக் காணோம்,” என்றாள் நீலா கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“ஈரம் வெளிய வந்துகினு கீது. இப்பப் புடிச்சிக்கும் பாரு.”

“நைனா, தம்முக்குக் கங்கு வேணும்,” என்றார் பிரியாணி மாஸ்டர் முபாஷிர். “இதுல எனக்குக் கண்ணீர்தான் வருது.”

“மாமு, நீ டேக்சாவப் பாரு. அடுப்பு நம்ம டிபார்ட்மென்ட்.”

சூடம் போட்டார். மண்ணெண்ணெய் ஊற்றினார். சினேகாவின் பத்தாம் வகுப்பு நோட்டுகளைக் கிழித்துச் செருகினார். கடைசியில் வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து முழு வேகத்தில் வைத்தார். தீ வரவில்லை. புகை மட்டும் கிளம்பி, மஞ்சளும் சாம்பலுமாகத் திரண்டு, நாலு தெருவுக்குக் கவிந்தது.

சுற்றிலும் ரசாயனக் கம்பெனிகள் நிற்கிற எண்ணூரில் அப்படி ஒரு புகை வந்தால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? “காஸு லீக்காயிடுச்சி” என்று பின்தெருவில் ஒரு குரல். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவன் வெளியூர்க்காரன். துண்டு, முந்தானை, தலையணை உறை என்று கைக்குக் கிடைத்ததை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு தெருவே ஓடியது. நம் ராமதாஸ் தலையை உயர்த்தி நிபுணராக ஒரு முறை மோந்து பார்த்தார். “கெமிக்கல்தான்,” என்றார். “காத்துக்கு எதிர்ப்பக்கமா ஓடுங்க.” தன் அடுப்பின் புகைக்குப் பயந்து, ஊருக்கே தலைமை தாங்கி, அவரே முதல் ஆளாக ஓடினார்.

நீலா ஓடவில்லை. ஆறு மணியிலிருந்து அந்தப் புகையை விழுங்கியவளுக்கு அது யார் வீட்டுச் சரக்கு என்று தெரியாதா?

“மாஸ்டர், இப்ப இன்னா பண்றது?”

முபாஷிர் தன் மினி வண்டியின் கதவைத் திறந்தார். உள்ளே எலும்பாகக் காய்ந்த சவுக்கு, நாலு கட்டு.

“எல்லார் வூட்லயும் இந்த மாதிரி ஒரு மாமா கீறார்க்கா. நான் எப்பவும் எடுத்துக்கினுதான் வருவேன்.”

பூவரசையெல்லாம் இழுத்துக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்கள். அடுப்பு குபீரென்று பிடித்துக்கொண்டது. நீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன; அண்ணன் மேல் அத்தனை ஆத்திரம், ஆளில்லாத தெருவில் அத்தனை நிம்மதி.

பதினொரு மணிக்கு வந்த மாப்பிள்ளை வீட்டு வேனை மெயின் ரோட்டிலேயே மடக்கி, ஆபத்து நீங்கிவிட்டதாகத் தாமே அறிவிக்கும்வரை முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு ஊர்வலமாக அழைத்து வந்தார் ராமதாஸ். வாசலில் தம் போட்ட பிரியாணி டேக்சா, மூடி மேல் செக்கச்செவேலென்று கங்கு. ஒரு கணம் திகைத்தார். ஒரே கணம்தான்.

“பாத்தியா? பச்ச வெறகுக்குக் கொஞ்சம் தனியா டைம் குடுக்கணும்.”

“ஆமாண்ணே,” என்றாள் நீலா. “மாலைய எடுத்துக்கினு உள்ள வா.”

தட்டு மாறியது. பிரியாணியும் பிரமாதம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீலா மூச்சு விட்டபோது, மாப்பிள்ளை தீபன் பட்டுச் சட்டையோடு அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து, ஒரு கொள்ளியை மெல்ல ஓர் அங்குலம் வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். சினேகா அம்மாவைப் பார்த்தாள். மோதிரம் போட்டாகிவிட்டது, அம்மாவால் என்ன செய்ய முடியும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: தார்ப்பாயை நாலு பக்கமும் கட்டினார் என்று படித்த இடத்திலிருந்தே, ‘கட்டையை நாலாகப் பிளந்து, பட்டையை உரித்து, அடியில் செங்கல் கொடுத்து, பக்கவாட்டைத் திறந்து விட்டிருக்கணும்’ என்று சொல்ல உங்கள் வாய் நமநமவென்று இருந்ததா, இல்லையா? உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது என்று தெரியவில்லை. அன்றைக்கு உங்களை ஏதாவது வேலை சொல்லி வெளியூருக்கு அனுப்பினால், கோபித்துக்கொள்ளாமல் போய் வாருங்கள்.