உயிலுக்குச் சாட்சி கேட்டு மச்சான் மாதுவுக்கு

பொம்மிடி,
வியாழக்கிழமை (ராமக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டது).

மரியாதைக்குரிய மச்சான் மாது அவர்களுக்கு, சென்றாயன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா ராமக்காவும் மகள் பாரதியும் இரண்டு மாடுகளும் சௌக்கியம். பாலக்கோட்டில் உங்கள் முழங்கால் வலி தணிந்ததா என்று அறிய ஆவல். போனில் பேசியிருக்கலாம். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டால் நம் தெருவே பதில் சொல்கிறது. விஷயம் ரகசியம் என்பதால் கடிதம்.

பக்கத்துத் தோட்டத்து மாதையன் மூன்று ஏக்கரையும் மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். தன்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்க்கவில்லை, பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாமா எழுதி வாங்குவது என்று விட்டுவிட்டார். இப்போது தான் நட்ட மரத்தில் ஒரு மாங்காய் பறித்ததற்கு, "யாரக் கேட்டுப் பறிச்சீங்க?" என்று மருமகள் கேட்டாளாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பத்திரத்தை ரத்து செய்வது சுலபமாம். இல்லாததால் மனுஷன் மனுவைத் தூக்கிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைகிறார். அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பையன் ஜெயபால் அப்படிப்பட்டவன் இல்லை, ஓசூர் கம்பெனியிலிருந்து மாதம் இரண்டு தடவை வந்து பார்க்கிறான். என் கவலை பாரதி. புருஷன் விட்டுப் போய் நாலு வருஷமாக இங்கே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பிறகு அவளை யாரும் "உன் வூடு எது?" என்று கேட்டுவிடக் கூடாது. ஆகவே நான் இருக்கும்வரை நிலம் என்னிடம், பிறகு ராமக்கா இருக்கும்வரை அவள் அனுபவிக்க, அதற்கப்புறம் கிணற்றோரத்து அரை ஏக்கரும் வீடும் பாரதிக்கு, மற்றது ஜெயபாலுக்கு என்று உயில் எழுதத் தீர்மானித்து, வீட்டில் மூச்சு விடாமல் பத்திரம் எழுதுபவரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வயசு எழுபத்து நாலுங்களா? புத்தி தெளிவா இருக்குதுன்னு ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி வெச்சுக்கங்க. நாளைக்கு யாரும் கேஸ் போட முடியாது" என்றார்.

அங்கே ஆரம்பித்தது வினை. தனியாகப் போக பயந்து, சுகர் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, லீவில் வந்திருந்த ஜெயபாலின் வண்டியில் ஏறிவிட்டேன். டாக்டரம்மா சின்ன வயசு, தங்கமான பேச்சு. சர்ட்டிபிகேட் உயிலுக்கு என்று அதன் காதோடு மட்டும் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது. தொண்ணூற்று மூன்று வரை வந்தேன், அதற்கு மேல் எனக்கும் அந்த எண்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிட்டது. வேர்த்தது. அப்போது ஜெயபாலைக் காட்டி, "இவரு யாருங்கய்யா?" என்றது. ஒரு வாரமாக மனசு முழுக்க மாதையன் வீட்டு விவகாரம்தானே, வாய் தவறி, "மாதையன் பையனுங்க" என்றுவிட்டேன் மச்சான். டாக்டரம்மா எதையோ எழுதிவிட்டு, "பதட்டமா இருக்கீங்க. உயிலுக்கு ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று சத்தமாகச் சொன்னது. காது மந்தம் என்று தெரிந்து சத்தமாகச் சொன்னது.

பையன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "யாருக்கு எழுதறீங்கன்னு நான் கேக்கலப்பா. நான் யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். ஜெயபால் என்றேன். அன்று மாலையே ஓசூருக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து உங்கள் அக்கா காலையில் கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, தேதி சொன்னால்தான் தருகிறாள். நிலத்தின் சர்வே நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறேன், அதை யாரும் கேட்பதில்லை. முந்தாநாள் பம்புசெட்டைப் போட்டுவிட்டு எந்த வயலுக்கு என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். இதை அவளிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது மச்சான். புத்தி முழுசாகப் போவதற்குள் பாரதிக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும். திங்கட்கிழமை அரூரில் வேறொரு டாக்டரைப் பார்க்கலாம், நீங்கள் கூட வர வேண்டும். உயிலில் சொத்து பெறுகிறவர்கள் சாட்சி போடக் கூடாதாம். அதனால் நீங்களே சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் என் மனசு அடங்கும்.

தீர்த்தமலை ஈசன் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். தங்கச்சி அமுதவல்லியை விசாரித்ததாகச் சொல்லவும். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சென்றாயன்.

பின்குறிப்பு: உங்கள் கதவு எண்ணைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு துணிப்பையில் உயில் இருக்கிறது. போன சித்திரையில் அரூரில் பதிவு செய்தது. கிணற்றோரம் பாரதிக்கு, எல்லாம் மேலே எழுதிய அதே மாதிரி, என் கையெழுத்தேதான். டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருக்கிறது, புத்தி தெளிவாக உள்ளதாம். முதல் சாட்சி நீங்கள். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று நான்தான் உங்களிடம் சத்தியம் வாங்கியிருப்பேன் போலிருக்கிறது. திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டியதில்லை. இதே கடிதத்தை இதற்கு முன் எத்தனை முறை உங்களுக்குப் போட்டிருக்கிறேன் என்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.