ரிப்பன் கடைக்கு ஆள் வரமாட்டான்

‘மெர்சி’ கப்பல், பசிபிக் கடல்
மார்ச் 1841

நான்டக்கெட் தீவில் துணிக்கடை நடத்துபவரும், எப்போதும் தாம் சொன்னதே சரி என்பவருமான ஜூடித் அத்தை அவர்களுக்கு, அண்ணன் மகன் ஓபெட் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் பூனையும் எனக்காகக் கடையில் போட்டுவைத்திருக்கும் முக்காலியும் நலமா? கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் எங்கள் சமையல்காரர் ஆப்சலோம். என் விரல்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது.

“பதினஞ்சு வயசுல திமிங்கலமா? வாந்தி எடுத்துக்கிட்டே திரும்பி வருவே, வந்து ரிப்பன் அளப்பே” என்றீர்களே, அதில் வாந்தி மட்டும் பலித்தது, பதினோரு நாள். பிறகு என்னைப் பாய்மர உச்சியில் ஏற்றித் திமிங்கலம் மூச்சு ஊதுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நான் இடப்பக்கம் என்று கத்த, படகுகள் பாய்ந்து போக, அது மேகம். அந்த நேரம் பார்த்து வலப்பக்கம் ஒரு திமிங்கலம் ஊதிவிட்டுப் போனதாம், அதற்கு நானா பொறுப்பு? அடுத்த வாரம் வலப்பக்கம் என்று கத்தினேன், அது பாறையில் மோதிய நுரை, திமிங்கலமோ இடப்பக்கம். கேப்டன் ஹஸ்ஸி தொப்பியைக் கழற்றி மிதித்தார். “இன்னொரு தடவை தப்பாக் கத்தினே, ஊருக்குப் போற முதல் கப்பல்ல உன்னை மூட்டையாக் கட்டி ஏத்திடுவேன்!”

ஆயிரமாவது பீப்பாய் நிரம்பினால், திமிங்கல எண்ணெய் கொதிக்கும் கொப்பரையிலேயே எல்லோருக்கும் டோனட் பொரித்துத் தருவது கப்பல் வழக்கம். நாங்களோ நாலு மாதமாகத் தொள்ளாயிரத்து நாற்பதிலேயே நின்றோம். ஆளாளுக்கு என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். போன செவ்வாய்க்கிழமை இடப்பக்கம் வெள்ளையாக ஏதோ தெறித்தது. கத்தினால் ரிப்பன் கடையோ என்று அழுகையே வந்துவிட்டது அத்தை. ஆனாலும் கத்தினேன். “அதோ ஊதுது! இடப்பக்கம்!” கத்திவிட்டுக் கண்ணை இறுக மூடி மரத்தைக் கட்டிக்கொண்டேன். கீழே ஆரவாரம் கேட்டுத் திறந்தபோது கப்பலே திரும்பியிருந்தது, எது எந்தப் பக்கம் என்று புரியவில்லை, ஆனால் படகுகளின் நடுவே மலை போல் ஒரு திமிங்கலம்!

எழுபது பீப்பாய்! ஆப்சலோம் மாவு பிசைந்தார். முதல் டோனட் எனக்குத்தான் என்றார் கேப்டன். நான் பொறுக்கமாட்டாமல் கொப்பரைக்குள்ளேயே கை நீட்டியதால்தான் இந்தக் கட்டு. “இனிமே உச்சி இவனுக்குத்தான். வேற எவனும் ஏறக் கூடாது” என்று கேப்டன் எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டார்.

ஊருக்குப் போகும் கப்பல் இப்போது எதிரில் நிற்கிறது. நான் ஏறியிருக்க வேண்டிய அதில் என் கடிதம் மட்டும் ஏறுகிறது. முக்காலியைப் பூனைக்குக் கொடுத்துவிடவும். தங்கள் கடையில் கூட்டமும் முழங்காலில் வலுவும் குறையாதிருக்க வேண்டிக்கொள்ளும் அன்பு மருமகன்,
ஓபெட், திமிங்கலக் கண்காணி.

பின்குறிப்பு: அம்மா, இது நான், ஆப்சலோம். பையன் தூங்கப் போய்விட்டான். அன்று இடப்பக்கம் அவன் கண்டது ஒரு மிதக்கும் கட்டை. அவன் கத்தியதும் கேப்டன், “எதிர்ப்பக்கம் இறக்குங்கடா படகை!” என்றார். திமிங்கலம் அங்கேதான் இருந்தது. கப்பலில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் சரியான பக்கம் கத்தப் பார்ப்பான், எதை நம்புவது என்று தெரியாமல் நாங்கள் பட்டினிதான்.