நாரு உள்ள கிழங்கு

எனக்கு வராத ஒரே சொல் 'தெரியாது'. திட்டக்குடிப் பக்கம் கரும்பையும் மரவள்ளியையும் பார்த்து வளர்ந்த நான், கல்யாணமான நாலாம் மாதம், மனைவி மலரையும் அவள் அம்மாவையும் பிச்சாவரம் அழைத்துப் போனேன், கடலைக் கரைத்துக் குடித்த மாப்பிள்ளையாக.

அன்று அத்தைக்குச் சனிக்கிழமை விரதம், கவுச்சி தொடமாட்டார். என் தற்காலிக வேலை நிரந்தரமாக வேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்ட விரதம். (மீன் தின்ன அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்த மேதையும் நான்தான்.)

படகில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டேன். அலையாத்தி வேர்களுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று நின்றது.

"அத்தை, அது சைபீரியாலேர்ந்து வந்திருக்கு. ரெண்டு மாசம் விடாம பறக்கும்."

துடுப்புப் போட்டவர் திரும்பிப் பார்த்தார். "அது கொக்கு சார். இங்கதான் கெடக்குது."

மலர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். போன மானத்தைச் சாப்பாட்டில் மீட்பது என்று முடிவெடுத்தேன்.

கரையோரக் கடை அக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: "எறா, நண்டு, கொடுவா, கெழங்கா வறுவல்."

கிழங்கைத்தான் இந்தப் பக்கம் இப்படி இழுக்கிறார்கள் என்று நானே புரிந்துகொண்டேன் (நான் புரிந்துகொள்ளும் அழகு அப்படி). "அத்தைக்கு ரசம் சோறு, கெழங்கா வறுவல். எங்களுக்கு நண்டு."

தலையில்லாமல், விரல் நீளத்தில், செக்கச்செவேலென்று வந்தது. கடை முழுக்கவே மீன் வாசம் என்பதால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. கடலோரம் இல்லாத மங்கலம்பேட்டையில் வளர்ந்த அத்தைக்குத் தெரிந்த மீனெல்லாம் ஏரிக் கெண்டைதான்.

"வெண்ணெயா கரையுது மாப்ள," என்றார். நான் தரையில் இல்லை. மூன்றாவது துண்டில் நிறுத்தி, விரலில் எதையோ எடுத்துப் பார்த்தார்.

"மாப்ள, கெழங்குல முள்ளு இருக்குமா?"

"அது நாரு அத்தை. மரவள்ளின்னா நடுவுல நாரு இருக்கும்ல."

விவசாயி மகன் சொன்னால் தப்பாகுமா? நம்பித் தட்டைக் காலி செய்தார். நான் தாராளமாக இன்னொரு தட்டு சொன்னேன்.

"நல்லா சாப்புடுங்கம்மா," என்று அக்கா கொண்டுவந்து வைத்தார். "காலைலதான் வலையில வுழுந்துச்சு."

அத்தையின் கை அப்படியே நின்றது. "கெழங்கு எப்பிடிம்மா வலையில வுழும்?"

"இது கெழங்கா மீனும்மா."

மலர் நண்டுக்காலைப் பிடித்தபடி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். பெருமாள் என் ஃபைலை மூடிக் கட்டுவதே கண்ணில் தெரிந்தது. சிதம்பரம் வரும்வரை அத்தை பஸ்ஸில் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார். நான் பயந்தே செத்தேன்.

மறுமாதம் வேலை நிரந்தரமானது. விரதத்தாலா, வறுவலாலா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது மீனுக்கு முள் கிடையாது; என் மகள்கூட "அப்பா, நாரு எடுத்துக் குடு" என்றுதான் தட்டை நீட்டுகிறாள். நான் கடலூர் போகிறேன் என்று தெரிந்தால் போதும், அத்தையிடமிருந்து போன் வந்துவிடும்.

"மாப்ள, வரும்போது கெழங்கு வாங்கியாங்க. நாரு உள்ளதா பாத்து."