முழு வளர்ச்சி அடைந்த குவாண்டம் புள்ளிகள்

துறைச் செயலர் வருகை தரும் நாளில் ஆய்வுக்கூடம் பச்சையாக ஒளிர வேண்டும் என்று நிறுவனத்தின் நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்த ஆண்டு எல்லா அலுவலகங்களிலும் பச்சை மோகம். திரைச்சீலை, கோப்பு உறை, இயக்குநரின் கழுத்துப்பட்டை எல்லாம் மாறியாகிவிட்டது. பாக்கி இருந்தது அறிவியல் மட்டுமே.

அந்தப் பொறுப்பு ஒப்பந்த வேலையில் இருந்த ஆய்வாளர் தலையில் விழுந்தது. குடுவையில் கொதிக்கும் எண்ணெயில், ஊசி வழியாக இன்னொரு திரவத்தை ஒரே மூச்சில் செலுத்தினால் குவாண்டம் புள்ளிகள் பிறக்கும். கண்ணுக்கே தெரியாத அந்தக் குறைக்கடத்தித் துணுக்குகள் புற ஊதா விளக்கடியில் ஒளிரும். சின்னதாக இருக்கும்போது பச்சை, வளர்ந்தால் சிவப்பு, அதற்கும் மேல் வளர்ந்தால் வெளிச்சமே போய்விடும். பச்சை வந்ததும் சூட்டை நிறுத்திவிட வேண்டும். இதை அவள் தூக்கத்தில்கூடச் செய்வாள். ஆனால் நிகழ்ச்சி நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்ததால் தூக்கம்தான் வரவில்லை. கணவருக்கும் ஒப்பந்த வேலை. வீட்டில் நிரந்தரம் என்று சொல்லிக்கொள்ள மாமியார் ஒருவர்தான்.

செயலர் வந்தார். ஊசியை அழுத்தித் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்.

"ஐயா, ஒரே அழுத்தா அழுத்திடுங்க," என்றாள் அவள்.

பெரிய மனிதர்கள் எதையும் அவசரமாக அழுத்துவதில்லை. புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக அழுத்தினார். ஆனாலும் குடுவை எப்படியோ மங்கலாகப் பச்சை காட்டிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். செயலர் உரையைத் தொடங்கினார்.

அவள் இயக்குநரின் காதருகே குனிந்தாள். "சார், இப்பவே சூட்டை நிறுத்தணும்."

"அவர் பேசிட்டிருக்கும்போதா? சும்மா இருங்கம்மா."

"நிறுத்தலேன்னா வளந்துடும் சார்."

"வளரட்டுமே! வளர்ச்சி வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

செயலரின் உரையும் வளர்ச்சியைப் பற்றியது என்பதால் அது முடிவதாக இல்லை. குடுவை மஞ்சளாயிற்று, சிவந்தது, கடைசியில் கருத்துப்போய் அடியில் மண்டியாகப் படிந்தது. ஒளி மருந்துக்குக்கூட இல்லை.

பேசி முடித்துத் திரும்பிய செயலர் புருவத்தை உயர்த்தினார். "என்ன இது, கறுப்பா இருக்கு?"

கூடமே அவளைப் பார்த்தது. இயக்குநரின் பார்வையில் வீட்டுக்குப் போகும் வழி தெரிந்தது.

"முழு வளர்ச்சி அடைஞ்சிடுச்சு ஐயா," என்றாள். சொன்ன வாயை அவளுக்கே பிடிக்கவில்லை.

"அப்படிச் சொல்லுங்க! எத்தனையோ ஆய்வுக்கூடம் பார்த்திருக்கேன், எங்கேயும் எதுவும் என் கண்ணுக்குத் தெரிஞ்சதில்லை. இங்கதான் ஏதோ தெரியுது!"

அன்று மாலையே வேலை நிரந்தரமாயிற்று. பதவி, தர உறுதி அலுவலர். அந்தக் கறுப்பு மண்டி அங்கீகரிக்கப்பட்ட மாதிரியாகக் கண்ணாடிப் பேழைக்குள் குடியேறியது. இனி எந்தக் குடுவையானாலும் அதோடு ஒத்துப்போனால்தான் தேறும்.

மறுவாரம், கூட்டமோ உரையோ இல்லாத ஒரு காலையில், ஆசை விடாமல் அவளே ஊசியை அழுத்தினாள். அவ்வளவு சுத்தமான பச்சையை அவள் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. சூட்டை நிறுத்தக் கை நீட்டியபோது இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மாதிரியோட ஒத்துப்போகலையே?"

"வளர்ச்சி பத்தலை சார்," என்று சொல்லிவிட்டு, தர உறுதி அலுவலர் சூட்டைக் கூட்டினாள்.