எட்டடிக் கம்பியும் ஒரு ரோஜாத் தொட்டியும்

இந்தக் கதையில் வயிறு வலிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது. முதலில் டைல்ஸைப் பார்த்துவிட்டு வருவோம். செருப்பை வெளியே விடவும்.

முத்தாபுதுப்பேட்டையில், பாதுகாப்புத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற குணசேகரன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். தோட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிர்வீட்டு ராகேஷ் முன்வாசலுக்கு டைல்ஸ் போட்டாரே என்று, இவர் பின்பக்கம் முழுக்க, ஒரு புல் மூச்சுவிட இடமில்லாமல் போட்டுவிட்டார். மிஞ்சியது ஒரு ரோஜாத் தொட்டி, ஒரு தகர ஷெட். ஷெட்டுக்குள் வாஷிங் மெஷின். தொட்டால் சுர்ர்ர்.

தொடுகிறவர் அவர் மனைவி நாகவல்லி.

"ஏங்க, இன்னிக்கு முழங்கை வரைக்கும் ஏறிச்சு."

"ரப்பர் செருப்பு போட்டுக்கோ."

"போட்டுக்கிட்டுதான் ஏறிச்சு. நாளைக்கு என்னைத் தூக்கிப் போட்டா, செருப்புக்கா மாலை போடுவீங்க?"

அந்த வாரம்தான் 'மனைப்புறக் கட்டட மண் இணைப்புச் சரிபார்ப்பு அலுவலகம்' ஓர் அறிவிக்கை அனுப்பியது. தோட்ட ஷெட்டுகளுக்கு முப்பது நாளில் சான்று பெறாவிடில் கரன்ட் துண்டிக்கப்படும். மனைவிக்கு அசையாத குணசேகரன் ரப்பர் ஸ்டாம்புக்கு அசைந்தார். எலக்ட்ரீஷியன் கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

"எர்த்தே இல்ல சார்," என்றான் கன்னியப்பன். "டைல்ஸ ஒடச்சி, குழி தோண்டி, எட்டடி கம்பிய எறக்கி, கரியும் உப்பும் கொட்டணும். கசியற கரன்ட் அது வழியா பூமிக்குப் பூடும். இல்லன்னா அம்மா வழியா போவும்."

"டைல்ஸை உடைக்கிறதா! வேற வழி சொல்லு."

"பூமி கீழதான் கீது சார்."

"வேற வழி?"

"இன்னா சார் நீ..."

"வேற வழிப்பா!"

கன்னியப்பனுக்குக் கடுப்பாகிவிட்டது. "அப்போ அந்த ரோஜாத் தொட்டில நட்டுடு. அதுவும் மண்ணுதானே?"

சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். குணசேகரனின் முகம் மலர்ந்தது. "விஷயம் தெரிஞ்ச ஆளு!"

மறுநாள் அவரே தொட்டியில் கம்பியை நட்டு, ஷெட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து மாட்டினார். ஓரடி மண்ணுக்குள், ஏழடி ஆகாயத்தில். கரி, உப்பு, தண்ணீர் எல்லாம் முறைப்படி. மூன்றாம் நாள் ரோஜா உயிர்த்தியாகம் செய்தது.

சரிபார்ப்பு அலுவலர் தமிழ்வாணன் படிவத்தோடு வந்தார்.

"கம்பி மண்ணில் உள்ளதா? உள்ளது. ஈரப்பதம்? உள்ளது. உப்பு போதுமான அளவு இடப்பட்டதா?"

"செடியைப் பாருங்க சார்."

"செடி பட்டுப்போயுள்ளது. ஆகவே உப்பு போதுமானது." எழுதிக்கொண்டார். "கம்பியின் நீளம் எட்டடியா?"

"கண்ணுக்கு எதிர்லயே நிக்குது. மத்தவங்க புதைச்சிட்டு எட்டடின்னா எப்படி நம்புவீங்க?"

தமிழ்வாணன் நெகிழ்ந்துபோனார். "பதினெட்டு வருஷ சர்வீஸில் முதல்முறையாகக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்."

"மீட்டர் வச்சுப் பார்க்க மாட்டீங்களா சார்?" என்றாள் நாகவல்லி. "எனக்கு இன்னும் சுர்ருங்குது."

"மீட்டர் பழுதாகிவிடக் கூடாது என்று அலுவலகத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். தவிர, சான்று பெற்ற ஷெட்டில் அதிர்ச்சி ஏற்பட விதியில் இடமில்லை. உங்களுக்கு ஏற்படுவது கூச்சம்."

இதையே முன்மாதிரி என்று அலுவலகம் சுற்றறிக்கை விட்டது. ஒரே மாதத்தில் தெருவில் நாற்பத்திரண்டு தொட்டிகள். ராகேஷ் நீலப் பீங்கான் தொட்டி வாங்கி, கம்பிக்குத் தங்கக் கலர் அடித்தார். பக்கத்து வீட்டு ஜமீலாவின் கம்பியில் சீரியல் லைட் மின்னியது. குடியிருப்போர் சங்கம் குணசேகரனுக்கு 'மண் காவலர்' பட்டம் கொடுப்பதென்று முடிவெடுத்தது.

விழாவன்று காலை, வெள்ளைச் சட்டை அழுக்காக இருந்தது.

"சான்று வாங்கினவரே துவைக்கட்டும். எனக்குக் கூச்சமா இருக்கு," என்றாள் நாகவல்லி.

மண் காவலர் வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று மெஷினைத் தொட்டார். மெஷின் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஷெட்டுக்கு வெளியே பின்பக்கமாக வந்து விழுந்தவர், தொட்டியைச் சாய்த்து உடைத்தார். நாகவல்லி ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு, கன்னியப்பனுக்குப் போன் போட்டாள்.

அவன் வரும்போது குணசேகரன் தரையில் உட்கார்ந்து, சிதறிய மண்ணைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். மண்ணுக்கடியில் பளபளவென்று டைல்ஸ்.

"கன்னியப்பா, அன்னிக்குத் தொட்டில நடச் சொன்னியே..."

"கடுப்புல சொன்னேன் சார். நீ மெய்யாலுமே நடுவேன்னு நான் கண்டனா?"

"அப்போ இந்தத் தெருவுல யாருக்குமே எர்த் இல்லையா?"

"மின்னாடி உன் ஊட்ல மட்டும்தான் இல்ல. மத்தவங்களுக்கு நல்ல குழி இருந்துச்சு. தொட்டி இருந்தாத்தான் சான்றுன்னதும், குழிலர்ந்து ஒயரக் கழட்டித் தொட்டில மாட்டிக்கினாங்க."

"யாரு மாட்டினது?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். "நான்தான். சான்று வோணும்னு கேட்டா இன்னா பண்றது? என் ஊட்லயும் தொட்டிதான் சார்."

"உனக்குத்தான் தெரியுமே!"

"கரன்ட்ட கட் பண்ணிடுவாங்களே!"

நாகவல்லிக்கு அப்போது வந்தது பாருங்கள், ஆரம்பத்தில் சொன்ன சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

குணசேகரன் சிரிக்கவில்லை. டைல்ஸை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"கடப்பாரையைக் கொண்டா."