தனிமைக்கு இரண்டு சாட்சிகள்

பெட்டிக்குள் கடிதம் இருக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை.

'மாணவர் நலன் குறைகேட்புப் பெட்டி' என்று சிவப்பு எழுத்தில் எழுதி, மாதத் தொடக்கத்தில் அலுவலக வாசலில் மாட்டியிருந்தார்கள். பதினைந்தாம் நாள் அதைத் திறக்க வேண்டும் என்பது விதி. விதி என்றால் முத்திரை சாருக்கு உயிர். கல்லூரியின் தலைமை எழுத்தர் அவர். எந்தக் காகிதம் கையில் சிக்கினாலும் அடியில் கையெழுத்துப் போட்டு, 'டொக்' என்று முத்திரை குத்திவிடுவதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

முதல்வர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தார். இரண்டு மிட்டாய்க் காகிதம், ஒரு பேனா மூடி, நாலாக மடித்த ஒரு தாள்.

முதல்வர் தாளைப் பிரித்து வாசித்தார்.

'எனக்கு இங்கே பேச ஒருத்தரும் இல்லை. மதியம் லைப்ரரியில் கடைசி மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டியா என்று யாராவது ஒருத்தர் கேட்டால் போதும். மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். யாரும் கேட்கவில்லை என்றால் படிப்பை விட்டுவிட்டுப் போய்விடுவேன்.'

"தேதி போடல பாருங்க," என்றார் முத்திரை சார்.

"யோவ், ஒரு பிள்ளை படிப்ப விட்டுட்டுப் போறேங்குது. உமக்குத் தேதி கேக்குதா?"

"பேரும் போடலங்க."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் ஒரு பையன் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். அவன் நின்னதே நமக்குப் பரீட்சை அன்னிக்குத்தான் தெரிஞ்சது. மூணு மாசமா ஒரு இடம் காலியா இருந்திருக்கு, யாரும் ஏன்னு கேக்கல. இன்னொரு தடவை அப்படி ஆகக் கூடாது. பதினஞ்சு நாள் இருக்கு. கண்டுபிடிங்க."

முத்திரை சார் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் ஜன்னலுக்குத் திரும்பினார். அங்கே நீலப் பை மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள்.

"சார், ஒரு ஃபார்ம்..."

"ஃபார்ம் எல்லாம் பதினோரு மணிக்கு மேல."

"மணி பன்னண்டு சார்."

"அப்ப நாளைக்கு வா. இங்க ஒரு முக்கியமான பிள்ளையத் தேடிட்டிருக்கேன். நீ வேற."

அன்று மாலையே சுற்றறிக்கை தயாரானது. 'தனிமையில் இருக்கும் மாணவ மாணவியர், தாம் தனிமையில் இருப்பதை நேரில் அறிந்த இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் நாளை காலை பத்து மணிக்குள் அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். வருகைப் பதிவு வழங்கப்படும்.'

மறுநாள் அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். சாட்சிகளோடு சேர்த்தால் நூற்று எண்பத்தொன்பது. தாழ்வாரத்தில் மூச்சுவிட இடமில்லை.

"நீ தனியா இருக்கியா?"

"ரொம்பத் தனியா இருக்கேன் சார்."

"பின்னாடி நிக்கறது யாரு?"

"என் உயிர் நண்பனுங்க சார். நான் தனியா இருக்கறப்ப எல்லாம் இவனுங்க கூடவே இருப்பானுங்க."

முத்திரை சார் அதையும் பதிவு செய்துகொண்டார். இந்தக் கணக்கில் சேராமல், சாட்சி இல்லாமல் வந்த நாலு பேரை விதிப்படி திருப்பி அனுப்பினார். கூட்டத்தில் நசுங்கியபடி நீலப் பை எட்டிப் பார்த்தது.

"சார், ஃபார்ம்..."

"சாட்சி இருக்கா?"

"நான் ஃபார்முக்கு வந்தேன் சார்."

"அப்ப ஓரமா நில்லு."

சாயங்காலம் அவர் நிமிர்ந்தபோது ஓரம் காலியாக இருந்தது.

புதன்கிழமை தோறும் வரும் ஆலோசகர் அம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அதை மூடி வைத்தார்.

"சார், உண்மையிலேயே தனியா இருக்கற பிள்ளை சாட்சிக்கு எங்க போகும்?"

முத்திரை சார் பேனாவை மூடினார். இருபத்தாறு வருட சர்வீஸில் எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. திருப்பி அனுப்பிய நாலு முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை. கையெழுத்து இல்லாத காகிதங்கள்தான் வந்தன.

"அந்தப் பிள்ளை ஒண்ணும் பெரிசா கேக்கலையே. லைப்ரரிக்குப் போங்க. சாப்பிட்டியான்னு கேளுங்க. அவ்வளவுதான்," என்றார் ஆலோசகர் அம்மா.

மதியம் லைப்ரரிக்குப் போனார். கடைசி மேசைக்கு ஒரே ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. ஆள் வரும்வரை நிற்பானேன் என்று அவரே உட்கார்ந்துவிட்டார். மணி இரண்டாயிற்று. நாற்காலியில் அவர் இருந்ததாலோ என்னவோ, அங்கே உட்கார யாருமே வரவில்லை.

தினமும் மதியம் அதே நாற்காலியில் காத்திருந்தார்; நாள் ஓடியது. சரி, விஷயம் எல்லாருக்கும் தெரியட்டும், தெரிந்தவர்கள் தாங்களாகவே அந்தப் பிள்ளையிடம் கேட்கட்டும் என்று முடிவு செய்தார். கையெழுத்தை வைத்து யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் கடிதத்தை ஒரு எழுத்து மாறாமல் கணினியில் அடித்து, எட்டு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார். தலைப்பு, விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அடுத்தவர் கடிதத்தில் தன் சரக்கைச் சேர்ப்பது முறையல்ல. ஆனால் பலகையில் ஒட்டும் எந்தக் காகிதத்துக்கும் பொறுப்பு அலுவலரின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. எட்டுப் பிரதியிலும் அடியில் கையெழுத்துப் போட்டார். எட்டு 'டொக்'.

மறுநாள் அவர் ஜன்னலைத் திறந்ததும் நீலப் பை நின்றது.

"ஏழாம் நம்பர் ஃபார்ம் சார்."

அவர் மனசு லைப்ரரியில் இருந்தது. கை தானாகப் போய் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தது. "மூணு பிரதி. கறுப்பு மை." அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அன்று மதியம் கடைசி மேசைக்கு ஒரு நெட்டைப் பையன் வந்தான். கையைப் பிசைந்தான்.

"சார், சாப்பிட்டீங்களா?"

முத்திரை சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை என்று ஏங்கும் பிள்ளைதானே தானாகப் போய் அடுத்தவரைக் கேட்கும்?

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"யார் கூட?"

"நாங்க ஒம்போது பேர் சார்."

பெயரை எழுதி அடித்துவிட்டார்.

அடுத்த நாள் இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். அதற்கடுத்த நாள் ஒருவன் வாழைப்பழம் கொண்டுவந்தான். "வேண்டாம்பா, நான் டியூட்டில இருக்கேன்" என்றார் அவர். "பரவால்ல சார், எதையும் மனசுக்குள்ளயே போட்டு வச்சுக்காதீங்க" என்று அவன் உரித்தே கொடுத்தான். ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை போகமாட்டேன் என்று எதிரே நின்றாள். குறுக்கு விசாரணை முழுவதையும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே நடத்த வேண்டியிருந்தது. சத்தம் போடக் கூடாது என்று எல்லாரையும் விரட்டும் நூலகர்கூட ஒரு நாள் மெல்ல வந்து, "தண்ணி வேணுமா சார்?" என்றார்.

நோட்டில் சந்தேகப் பட்டியல் நாற்பதைத் தாண்டியது. ஒருவர்கூடத் தனியாக இல்லை.

வீட்டில் முத்திரை சார் தனிதான். மகள் வேலைக்காகத் தூரமாகப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பாள், "அப்பா, சாப்பிட்டியா?" மற்ற ஆறு நாளும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்ததில்லை. இந்த வாரம் மகள் கேட்டபோது, "காலேஜ்ல பிள்ளைங்க தினமும் கேக்கறாங்கம்மா" என்றார். சொன்ன பிறகு தன் குரலைக் கேட்டு அவரே கொஞ்சம் திகைத்தார். அந்தப் பிள்ளையை இன்னும் கண்டுபிடிக்காதது அப்புறம்தான் உறைத்தது. சாப்பாடு அதற்கு வர வேண்டியது. தன் தட்டில் விழுந்துகொண்டிருக்கிறது.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. மதியம் மணி ஒன்று. நெட்டைப் பையன் மறுபடி வந்தான்.

"சார், சாப்பிட்..."

"நிறுத்துப்பா!" முத்திரை சார் குரல் உடைந்தது. லைப்ரரியே திரும்பிப் பார்த்தது. "ஏன்டா எல்லாரும் என்னையே கேக்கறீங்க?"

பையன் பயந்துபோனான். "நீங்கதானே சார் எழுதியிருந்தீங்க? எட்டு போர்டுல. கீழ உங்க கையெழுத்து, சீலோட. மொதல்ல சிரிச்சோம். அப்புறம் பாத்தா, நெஜமாவே இங்க தனியா உக்காந்திருக்கீங்க. நீங்க வேலைய விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு கிளாஸ் கிளாஸா முறை போட்டோம். யார் என்னிக்கு வரணும்னு, அதோ வாசல்ல நிக்கறாளே, அவதான் எல்லார்கிட்டயும் போய்ப் பேசி லிஸ்ட் எழுதினா. இன்னிக்கு அவ முறையும் இருக்கு."

வாசலில் நாலைந்து பேர் நடுவில் நீலப் பை நின்றது. அவள் மட்டும் உள்ளே வந்தாள். நெட்டைப் பையன் நழுவி வாசலுக்குப் போனான்.

முத்திரை சார் மேசை மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்திருந்தார். நோட்டும் முத்திரையும் ஓரமாகக் கிடந்தன.

"அம்மா, அந்த லெட்டர் நான் எழுதினது இல்லம்மா. பெட்டியில இருந்தது. இங்க ஒரு பிள்ளை, ஒரே ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டிருந்தது. அத எனக்குத் தேடத் தெரியல. அது உக்கார்ற நாற்காலியிலயே நான் உக்காந்து, அதுக்கு வர வேண்டிய சாப்பாட்ட நான் தின்னு தீத்துட்டேன். இன்னிக்குத்தான் கடைசி நாள். அது போயிருக்கும்."

"ஏய், எவ்வளவு நேரம்! சாப்பிட வா!" என்று வாசலிலிருந்து யாரோ கிசுகிசுப்பாகக் கத்தினார்கள்.

"இருங்கடி, வரேன்," என்றாள் அவள்.

பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஏழாம் நம்பர் ஃபார்ம். 'படிப்பை இடையில் நிறுத்துவதற்கான விண்ணப்பம்.' ஒரு கட்டம்கூட நிரப்பப்படவில்லை.

"நீங்க எழுதலன்னு தெரியும் சார்," என்றாள். "என் லெட்டர் எனக்குத் தெரியாதா?"