பதினைந்து வரை எண்ணிய கை

என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மாடிக்கு எத்தனை படி (பதினேழு), மாத்திரை அட்டையில் எத்தனை பாக்கி (ஆறு), பக்கத்து வீட்டுக்காரர் காலையில் எத்தனை முறை இருமுகிறார் (அது அவர் சொந்த விஷயம், ஆனாலும் பதினொன்று). எண்ணிக்கை தப்பினால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். ஆனால் என் ஆயுளில் நேர்ந்த பெரிய மானக்கேடு எண்ணிக்கை தப்பியதால் வந்ததல்ல. மிகச் சரியாக எண்ணியதால் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. அகரத்திலிருந்து சைக்கிளில் வந்து திண்டுக்கல்லில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மேற்பார்வை வேலை. மேற்பார்வை என்றால் தட்டுகளை எண்ணுவது. எனக்கென்றே பிறந்த உத்தியோகம்.

அந்தக் கம்பெனி அடுப்பு ஒரு சின்ன அறை அளவு இருக்கும். செங்கல் சுவர், வளைந்த கூரை, முன்னால் ஓர் இரும்புக் கதவு. புளிய விறகை உள்ளேயே போட்டு எரிப்பார்கள். செங்கல்லெல்லாம் சூடு குடித்ததும் நெருப்பை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சூட்டிலேயே ரொட்டியை வேக வைப்பார்கள். ஒரே நடையில் இருபத்தாறு தட்டு, தட்டுக்குப் பன்னிரண்டு பன். ஆக முந்நூற்றுப் பன்னிரண்டு.

அடுப்பு முழுக்கச் சவரிமுத்து மாஸ்டரின் ஆட்சி. சூட்டை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. வலது கையை முழங்கை வரை உள்ளே நீட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணுவார். பதினைந்தில் பொறுக்க முடியாமல் கையை இழுத்தால் பன்னுக்குச் சரியான சூடு. அந்தப் பதினைந்து தப்பி நான் பார்த்ததில்லை.

அந்த நாளில் எனக்குச் சித்தையன்கோட்டையில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் ராசம்மாள். கோயில் வாசலில் ஒரு தடவை பார்த்திருந்தேன், ஆறு விநாடி. எனக்கு அது போதுமாக இருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத்தான் என் வேலை பிடிக்கவில்லை. அப்போதெல்லாம் ரொட்டி என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. கையில் ரொட்டியோடு தெருவில் போனால், வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று நிறுத்தி விசாரிப்பார்கள்.

"சீக்காளி திங்கிறதச் சுடுற எடத்துல வேலை பாக்குறவனுக்கா எம்புள்ளையக் குடுக்குறது?" என்று அவர் கேட்டதாகத் தரகர் வந்து சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருடைய மூத்த பேரனுக்குக் காதுகுத்து வரவிருந்தது. அன்றைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு இனிப்புப் பன்னோடு வருகிறேன், நல்ல உடம்புக்காரர்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பினேன். "கொண்டாரச் சொல்லுங்க. அதத் தின்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று பதில் வந்தது. ஆக, என் கல்யாணமே பன்னை நம்பி இருந்தது.

காதுகுத்துக்கு முதல் நாள் சவரிமுத்துவுக்குக் கொடைரோட்டில் மச்சினன் கல்யாணம். விடிகாலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"பத்து மணிக்கு நெருப்ப வாரிருங்க தம்பி. கைய விட்டு எண்ணுங்க. பதினஞ்சு வரணும். அதுக்கு முன்னாடி சுட்டா சூடு கூட, செத்த நேரம் கதவத் தொறந்து போடுங்க. வேற ஒண்ணுமில்ல."

"எண்ணுறதை எனக்கா சொல்லித் தரணும்?" என்றேன். (இந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.)

நெருப்பை வாரித் தள்ளிவிட்டுச் சரியாகப் பத்து மணிக்குக் கையை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐயோ என்று இழுத்துக்கொண்டேன். சூடு கூட. கதவைத் திறந்து போட்டேன். ஆறு நிமிடம் கழித்து மறுபடி விட்டேன். நாலு. இன்னும் ஆறு நிமிடம். ஐந்து கூட வரவில்லை.

மாவு பிசைகிற பாண்டி எனக்கு இரண்டு வயது மூத்தவன். பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் வேணா கைய வச்சுப் பாக்கவா?"

"நீ எது வரைக்கும் படிச்சிருக்கே?"

"மூணாவது."

"அப்ப சும்மா இரு."

அவன் போய் உட்கார்ந்துகொண்டான். பதினோரு மணிக்கு ஏழு வந்தது. அதற்குள் தட்டுகளில் மாவு உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"பன்னு பொங்குது," என்றான் பாண்டி.

"பொங்கட்டும்."

பன்னிரண்டு மணிக்குப் பத்து வந்தது. பொங்கியதெல்லாம் பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கிவிட்டது.

"பன்னு படுத்திருச்சு," என்றான் பாண்டி. நான் திரும்பியே பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு, முப்பத்தோராவது தடவையாகக் கையை விட்டபோது பதினைந்து வந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு தட்டையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

வழக்கமாக இருபது நிமிடத்தில் சிவந்துவிடும் பன், ஒரு மணி நேரமாகியும் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. இரண்டு மணி நேரம் வைத்தேன். சிவக்கவில்லை, காய்ந்தது. இன்னொரு நடை சுட மாவு இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் நாலு ஓலைப் பெட்டிகளில், பெட்டிக்கு எழுபத்தெட்டாக ஏற்றினேன். பெட்டியைத் தூக்கிய கண்டக்டர், உள்ளே படிக்கல்லா என்று கேட்டார்.

காதுகுத்து வீட்டில் பந்தலடியில் பரிமாறினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு கிழவர் பன்னை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "எனக்கு இருக்குறது ரெண்டு பல்லு அப்பு. அதுவும் போயிறப்படாது." இரண்டு குழந்தைகள் பன்னை முற்றத்தில் உருட்டிப் பந்தயம் விட்டன. அது நேராக உருண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பெண்ணின் அப்பா மட்டும் விடாமல் கடித்தார். கன்னம் அசைந்துகொண்டே இருந்தது. நான் எண்ணினேன். நாற்பத்து மூன்று தடவை மென்றார்.

"தம்பி," என்றார் கடைசியில். "சீக்காளிச் சாப்பாடுன்னு தப்பாச் சொல்லிட்டேன். இதத் தின்னா நல்லா இருக்கவனுக்குத்தான் சீக்கு வரும்."

பந்தலே சிரித்தது. தண்ணீர்ச் செம்பை வாங்கக் கையை நீட்டினேன். சட்டைக் கை மேலே ஏறியது. அவர் பார்வை என் கையில் நின்றது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு முடி இல்லை. தோல் செக்கச்செவேலென்று இருந்தது.

"இது என்ன?"

சொன்னேன். பத்து மணி, நாலு, ஆறு நிமிடம், முப்பத்தொரு தடவை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒரு சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் ராசம்மாள் வேலியோரக் கற்றாழை மடலைப் பிளந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கை எரியலையா?"

"எரிஞ்சுச்சு."

"பெறகு ஏன் திரும்பத் திரும்ப விட்டீக?"

"பதினஞ்சு வரலையே."

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயில் இன்னும் பாக்கியிருந்த பன்னை விழுங்கினார்.

மறுவாரம் தரகர் சம்மதத்தோடு வந்தார். "முப்பத்தொரு தரம் சுட்டும் சொன்ன சொல்லுல நிக்கிறான். இவன நம்பிக் குடுக்கலாம். அடுப்படிப் பக்கம் மட்டும் விடாதீக" என்றாராம் பெண்ணின் அப்பா. (கொண்டுபோன பன்னில் மனிதர்கள் தின்றது ஒன்பது. மிச்சம் கழுநீரில் ஊறி மாட்டுக்குப் போனது. ஒரு மாடு மறுத்துவிட்டது.)

கொடைரோட்டிலிருந்து திரும்பிய சவரிமுத்து விஷயத்தைக் கேட்டார். தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அது கை மாதிரியே இல்லை. பழைய செருப்பு மாதிரி இருந்தது.

"பதினஞ்சு இந்தக் கைக்குத் தம்பி. ஒங்க கைக்கு நாலுதான். பத்து மணிக்கே அடுப்பு சரியாத்தான் இருந்திருக்கு."

பாண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மாவு பிசைந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த அடுப்பு இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் புளிய விறகு வாசனை வருகிறதா என்று இன்னமும் மூக்கு தேடுகிறது. கணக்கு மட்டும் எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் பதம் பார்க்க வேண்டுமென்றால் என்னைத் தவிர யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். நான் கையை நீட்டினால், "தாத்தாவுக்குப் பதினஞ்சு வாறதுக்குள்ள புள்ளைக்குச் சளி பிடிச்சிரும்" என்று ராசம்மாள் சத்தம் போடுவாள்.

தினமும் காலையில் காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "நாலு ஆச்சா?" என்று கேட்பதும் அவளுக்கு வழக்கம். நேற்று தம்ளரை வெறுங்கையால் பிடித்து எண்ணிப் பார்த்தேன். ஏழு, எட்டு, பதினைந்தே வந்துவிட்டது. சவரிமுத்து கை எனக்கும் வாய்த்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். "காப்பி ஆறிப்போச்சு. குடுங்க, சுட வச்சுக் கொண்டாரேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.